கரிசலில் நின்ற வண்டி

மே 21, வியாழன்

பையன்கள் காலையிலேயே ராடு வண்டியில் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். துளைக்கிற குழாய்களை அதில் ஏற்றிக் கட்டியதும் குளித்து, எண்ணெய் வைத்துத் தலை சீவி, பெண் பார்க்கப் போகிறவர்கள் மாதிரி வரிசையாக நின்றார்கள். சீசன் முடிந்து திருச்செங்கோட்டைப் பார்க்கப் போகிற சந்தோஷம். சமையல்கார நல்லியப்பன் மட்டும் வண்டி நகர்ந்த பிறகும் தலையை வெளியே நீட்டி, "அண்ணா, சில்வர் டப்பால இருக்கறது பருப்புப் பொடிங். மொளகாப் பொடின்னு நெனச்சுக் கொழம்புல போட்றாதீங்க" என்று கத்திக்கொண்டே போனான்.

இனி இந்தக் காட்டில் நானும், போர் போடுகிற ரிக் வண்டியும்தான். காடு நாம்தேவ் என்கிற பருத்தி விவசாயியுடையது. வடக்கே, யவத்மாலில் இருந்து உள்ளே தள்ளி இருக்கிற ஊர். சுற்றிலும் உழுது போட்ட கரிசல். அவனுக்குப் போர் போட்டுக் கொடுத்தோம், நல்ல தண்ணீர் வந்தது, தேங்காய் உடைத்தோம். குனிந்து பார்த்தால் வண்டிக்கு அடியில் ஆயில் குட்டை கட்டி நிற்கிறது.

எங்கள் வண்டியில் ஒரே இன்ஜின்தான். ரோட்டில் ஓடுவதும் அதனால்தான், நின்ற இடத்தில் கம்ப்ரசரைச் சுற்றிப் பூமியைத் துளைப்பதும் அதனால்தான். இப்படி ஆயில் கொட்டிக்கொண்டு திருச்செங்கோடு வரை அவ்வளவு தூரம் போனால், பாதி வழியில் இன்ஜின் இறுகிப் பிடித்துக்கொள்ளும்.

முதலாளி குழந்தைவேல் போனில், "யாராச்சு ஒருத்தர் வண்டியோட இருக்கோணுமேங்கண்ணா" என்று இழுத்தார். அவர் முடிப்பதற்குள் "நா இருக்கறேனுங் தம்பி" என்று சொல்லிவிட்டேன். யாராவது ஒருவர் இருந்துதானே ஆக வேண்டும்.

எத்தனை அடி துளைத்தோம் என்று அடிக்கணக்கு எழுதுகிற நோட்டில் பக்கம் மீதி இருக்கிறது. எழுதுவதற்கு அடி இல்லை. பேசுவதற்கு ஆளும் இல்லை. அதனால் இது.

மே 23

டவுனில் இருந்து மிஸ்திரி வந்தார். இன்ஜினின் பின்பக்க சீல் போய்விட்டது என்றார். அதற்குக் கியர் பாக்ஸை இறக்க வேண்டும். இரண்டு ஆளைக் கூட்டி வந்து, வேலமரத்தில் செயின் கட்டி, எப்படியோ இறக்கினார். நான் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தேன். வெயில் என்றால் அப்படி ஒரு வெயில், ஸ்பேனரைத் துணி சுற்றித்தான் பிடிக்க முடிந்தது.

ஆயில் அளவு பார்த்தபோது டிப்ஸ்டிக் கம்பி குழாயை விட்டுக் கொஞ்சம் மேலே எழும்பி நின்றது. நேற்றுப் பார்த்துவிட்டு நான்தான் சரியாகச் செருகாமல் விட்டிருப்பேன். அழுத்திவிட்டேன்.

சாயங்காலம் வசந்தாமணிக்குப் போன் செய்தேன்.

"வண்டி நிக்குதாமா?"

"ஆமா. ஆயில் லீக்கு. சாப்டியா?"

"ஆச்சுங்க."

"சரி."

"சரிங்க."

எங்கள் வீட்டை ஒட்டித் தறிப்பட்டறை. கல்யாணமாகி வந்ததில் இருந்து அந்தச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசியே அவள் குரல் உயர்ந்துவிட்டது. போனில் அவள் பேசினால் பின்னால் தறி 'டடக் டடக்' என்று அடித்துக்கொண்டே இருக்கும். இன்று அது இல்லை. மெதுவாகப் பேசினாள், தெளிவாகக் கேட்டது. ஊரில் கரண்ட் போயிருக்கும்.

மே 26

புது சீல் போட்டுக் கியர் பாக்ஸை ஏற்றியாயிற்று. ஸ்டார்ட் செய்தோம். பின்பக்கம் சுத்தம். மிஸ்திரி என் முதுகில் தட்டிவிட்டுப் பீடி பற்ற வைத்தார். பீடி தீர்வதற்குள் மேலே டேப்பெட் கவரில் இருந்து ஆயில் வழிய ஆரம்பித்தது. அதற்குப் பேக்கிங் மாற்ற வேண்டும், மூன்று நாளில் வருகிறேன் என்று போய்விட்டார்.

டிப்ஸ்டிக் மறுபடியும் எழும்பி நிற்கிறது. குழாய் தேய்ந்து லூசாகிவிட்டது போல.

மே 27

நாம்தேவ் வந்தான். தினமும் வருகிறான். வண்டியைச் சுற்றி ஒரு தடவை நடப்பான், அடியில் சொட்டியிருக்கும் ஆயிலைக் காலால் மண் தள்ளி மூடுவான், பிறகு வானத்தைப் பார்ப்பான். அவனுடைய இந்தியும் அரைகுறை, என்னுடையது அதிலும் பாதி. இருந்தாலும் அவன் சொல்வது புரிந்தது. ஜூன் தொடக்கத்தில் மிருகசீரிஷம் பிறந்ததும் மழை வரும். மழை விழுந்தால் கரிசல் களி மாதிரி ஆகிவிடும், உங்கள் வண்டி தீபாவளி கழிந்துதான் நகரும். நான் எங்கே விதைப்பது?

"போய்விடுவேன், கவலைப்படாதே" என்றேன்.

"வீட்டில் யாரும் தேடமாட்டார்களா?" என்று கேட்டான்.

சிரித்துக்கொண்டேதான் கேட்டான். அவன் மனைவி கொடுத்தனுப்பிய சோள ரொட்டியும் இடித்த மிளகாயும் வைத்துவிட்டுப் போனான். மிளகாய் காதில் புகை வரும் அளவுக்குக் காரம். எல்லாவற்றையும் தின்றேன்.

மே 29

டேப்பெட் கவருக்குப் புதுப் பேக்கிங். அது நின்றது. இப்போது முன்பக்க சீலில் கசிகிறது. ஒன்றை அடைத்தால் ஒன்று. எனக்கே வண்டி மேல் கோபம் வந்து டயரில் ஒரு உதை விட்டேன். கால்தான் வலிக்கிறது.

வசந்தாமணியிடம் பேசிக்கொண்டு இருக்கும்போது பின்னால் ஒரு பெண் குரல், "அக்கா, தண்ணி வந்துருச்சு, கொடத்த எடுத்துட்டு வாங்க" என்றது. பஸ் ஹாரன் ஒன்றும் நீளமாகக் கேட்டது. எங்கள் வீட்டுக்குள்ளேயே குழாய் இருக்கிறது. எங்கள் சந்துக்குள் பஸ் வராது.

யாராவது ஒறம்பரை வீட்டுக்கு, சொந்தத்தில் கல்யாணம் என்று போயிருப்பாள். ஆடிக்கு முன்னால் கல்யாண சீசன்.

தறிச் சத்தம் இன்றும் இல்லை.

மே 31, ஞாயிறு

மிஸ்திரி கடைசியாகச் சொல்லிவிட்டார். ரிங்கு போய்விட்டது. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்கு தேய்ந்து, மேலே வெடிக்கிற புகை கீழே இறங்கி ஆயிலைத் தள்ளுகிறது. இன்ஜினை முழுசாக இறக்கிப் பிரிக்க வேண்டும். ஒரு மாதம் ஆகும், அதுவும் சாமான் நேரத்துக்கு வந்தால். சொல்லிவிட்டு அவரும் வானத்தைப் பார்த்தார். இந்த ஊரில் எல்லாருக்கும் கழுத்து மேலேயே இருக்கிறது.

ஆனால் புகை கீழே இறங்குகிறது என்றாரே, அது மட்டும் மனசில் உட்கார்ந்துகொண்டது.

ஜூன் 1

முதலாளியிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"ஏனுங்கண்ணா, மழைக்குள்ள ஆகாதுங்களா?"

"ஆகறாப்ல தெரியலீங் தம்பி."

"வண்டிய அனாமத்தா வுட்டுப்போட்டு வந்தா ஒரு போல்ட்டு மிஞ்சாதுங்க. நீங்களே தீவாளி மட்டும் இருந்துக்கறீங்களா? நீங்கன்னா நா நிம்மதியாத் தூங்குவேன்."

'சரிங்க' என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. இருபது சீசனாக அவரிடமும் அவர் அப்பாவிடமும் சொல்லிப் பழகிய வார்த்தை. ஏனோ, "நாளைக்குச் சொல்றனுங்க" என்றேன்.

நான் ஊருக்குப் போனால் வசந்தாமணி வாசலிலேயே கேட்பது ஒன்றுதான்: "எத்தன நாளைக்கு?" பையைக்கூட இறக்கியிருக்க மாட்டேன். எத்தனை நாளைக்கு மாவு ஆட்டி வைக்க வேண்டும் என்று தெரிய வேண்டுமே, அதற்காகக் கேட்பாள். நானும் முதலாளி சொன்ன தேதியைச் சொல்லிவிட்டு, "இந்த வருசந்தான் கடைசி" என்று சேர்த்துக்கொள்வேன். அவள் உள்ளே போய் அரிசியை ஊறப்போடுவாள்.

ஜூன் 3

கௌசிகா கூப்பிட்டாள். எங்கள் ஒரே பெண். சேலத்தில் நர்சிங் படிக்கிறாள், ஹாஸ்டலில் இருக்கிறாள்.

"அப்பா, அம்மாகிட்டப் பேசறீங்களா?"

"தெனமும் பேசறேன் கண்ணு."

"போன் பண்றீங்களான்னு கேக்கலப்பா. பேசறீங்களான்னு கேட்டேன்."

"என்ன கண்ணு இப்படிக் கேக்கற?"

"அம்மா இப்ப எங்க இருக்குதுன்னு ஒரு வார்த்த கேட்டீங்களா?"

லைன் கட்டாகிவிட்டது. இந்த ஊரில் டவர் அப்படித்தான்.

திரும்ப அவள் கூப்பிட்டாள். நான் வண்டிக்கு அடியில் இருந்தேன், கையெல்லாம் ஆயில், எடுக்க முடியவில்லை.

ஜூன் 4

இன்று ஒரு வேலை செய்தேன். மிஸ்திரி சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்டு உட்கார்ந்திருக்க மனசு இல்லை. உட்கார்ந்தால் வேறு நினைப்பு வருகிறது.

போர் போட்ட குழியைச் சுற்றிக் கல்தூள் கும்பலாகக் கிடக்கிறது. மாவு மாதிரி இருக்கும், வெள்ளை. இன்ஜினை டீசலில் நன்றாகக் கழுவி, துணி போட்டுத் துடைத்து, காய்ந்ததும் அந்தத் தூளை எல்லாப் பக்கமும் தூவினேன். ஆயில் எங்கே முதலில் எட்டிப் பார்க்கிறதோ அங்கே கறுப்பாகத் தெரியும். பழனிக்குப் போய்த் திருநீறு பூசி வந்த மாதிரி இன்ஜின் பளிச்சென்று வெள்ளையாக நின்றது. ஸ்டார்ட் செய்துவிட்டு, டார்ச்சோடு கீழே படுத்துக்கொண்டேன்.

ஏதாவது ஓரிடத்தில் கறுக்கும் என்று பார்த்தால், முன்பக்க சீலில் ஒரு பொட்டு, பில்டர் அடியில் ஒரு பொட்டு, போன வாரம் போட்ட புதுப் பேக்கிங்கில்கூட ஓரமாக ஒரு கோடு. எல்லா இடத்திலும் ஒரே சமயத்தில். இத்தனை சீலும் கூடிப் பேசி வைத்துக்கொண்டா கெட்டுப்போகும்? அப்போதுதான் டிப்ஸ்டிக்கைப் பார்த்தேன். யாரும் தொடாமலே அது குழாய்க்குள் இருந்து மெதுவாக மேலே எழும்பி வந்தது. இத்தனை நாளாக என் முன்னாலேயே எழும்பி நின்று சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறது. நானும் வரும்போதெல்லாம் தலையில் ஒரு அழுத்து அழுத்திவிட்டுப் போயிருக்கிறேன்.

ஆயில் ஊற்றுகிற மூடியைத் திருகினேன். குக்கர் வெயிட்டைத் தூக்கின மாதிரி 'புஸ்ஸ்' என்றது. மூடியைத் திறந்தே வைத்து, மறுபடியும் துடைத்து, மறுபடியும் தூள் தூவி ஓட விட்டேன். ஒரு பொட்டுக் கசிவு இல்லை. மூடியைப் போட்டேன், கசிந்தது. எடுத்தேன், நின்றது. போட்டும் எடுத்தும் சின்னப் பிள்ளை மாதிரி விளையாடிக்கொண்டே இருந்தேன்.

இனி ரிங்கு. திறந்த வாயில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். ரிங்கு தேய்ந்திருந்தால் செங்கல் சூளை மாதிரி குபுகுபு என்று புகை அடிக்கும். இங்கே ஊதுபத்தி அளவுக்குத்தான். வெதுவெதுப்பாக ஒரு மூச்சு, அவ்வளவே. எந்த நல்ல இன்ஜினிலும் இந்தக் கொஞ்சம் புகை கீழே இறங்கத்தான் செய்யும். அது வெளியே போகத்தான் பிரீதர் என்று ஒரு மூச்சுக்குழாய் வைத்திருக்கிறான். அந்த வழி அடைபட்டால் உள்ளே அமுக்கம் ஏறி, எங்கே சந்து கிடைக்கிறதோ அங்கே ஆயிலைத் தள்ளும். நாம் ஒவ்வொரு சந்தாக அடைத்துக்கொண்டே போனால் அது அடுத்த சந்தைத் தேடும். சீல் எதுவும் கெடவில்லை. ரிங்கும் கெடவில்லை.

நாம்தேவிடம் கையை ஆட்டிக் காட்டிச் சொன்னேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் என்னோடு சேர்ந்து சிரித்தான். வசந்தாமணிக்குச் சொல்லலாம் என்று போனை எடுத்தேன். அவளுக்கு இன்ஜின் சமாச்சாரம் பிடிக்காது என்று வைத்துவிட்டேன். அவளுக்கு என்ன பிடிக்கும் என்று யோசித்துக்கொண்டே சோறு ஆறிப்போய்விட்டது.

பிரீதர் குழாய் சேஸுக்குப் பின்னால் இறங்குகிறது. சூடு ஆறட்டும். நாளைக் காலை அதைப் பார்த்துவிடலாம்.

ஜூன் 5, வெள்ளி

குழாயின் வாயில் துணி கட்டியிருந்தது. நான் கட்டியதுதான்.

ரிக் வண்டியில் இது எல்லாரும் செய்கிற வேலை. துளைக்கும்போது கல்தூள் மேகம் மாதிரி எழும்பும், சோற்றில் விழும், கண் இமையில் படியும். இன்ஜினுக்குள் போய்விடக் கூடாது என்று பிரீதர் வாயில் பருத்தித் துணியை ஒற்றையாகக் கட்டுவோம். மூச்சும் போகும், தூசியும் நுழையாது. வாரா வாரம் அவிழ்த்து டீசலில் அலசிக் கட்ட வேண்டும். இந்த சீசனில் பாயிண்ட் மேல் பாயிண்ட், ஒரு காட்டில் முடித்ததும் அடுத்த காடு. அவிழ்க்க நேரம் இல்லாமல் பழைய துணி மேலேயே புதுத் துணியைக் கட்டியிருக்கிறேன். அப்புறம் அதன் மேலேயும். வண்டி மேல் எனக்கு அவ்வளவு அக்கறை. ஆயிலும் தூளும் ஊறி அது சிமெண்ட் உருண்டை மாதிரி இறுகிக் கிடந்தது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை. கத்தியால் அறுத்துத்தான் எடுத்தேன்.

டீசலில் ஊறப்போட்டுப் பிரித்தேன். மேலே இருந்தது நல்லியப்பனின் லுங்கி, கட்டம் தெரிந்தது. அதற்கு அடியில் யாருடைய பனியனோ. உள்ளே கடைசியாக இருந்தது சேலைத் துண்டு. கசக்கக் கசக்க ஊதா நிறம் வந்தது. ஓரத்தில் மாங்காய் பார்டர்.

வண்டித் துணி என்று ஒன்று உண்டு. சீசனுக்குக் கிளம்பும்போது அவரவர் வீட்டில் இருந்து பழைய பருத்திச் சேலைகளைக் கையகலமாகக் கிழித்து மூட்டை கட்டிக் கொடுப்பார்கள், கை துடைக்க, இன்ஜின் துடைக்க. வசந்தாமணி வருஷா வருஷம் கட்டிக் கொடுப்பாள். நான் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டேன், சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டுத் தேவைப்படும்போது உருவிக்கொள்வேன்.

இந்த ஊதாச் சேலை நாக்பூரில் நான் வாங்கியது. கல்யாணத்துக்குப் பிறகு போன முதல் சீசனில். எனக்கு வாங்கத் தெரியாமல் கடைக்காரன் கொடுத்ததை வாங்கி வந்தேன். அதைப் பெட்டியில் வைத்திருந்து, நான் ஊருக்கு வருகிற அன்றைக்கு மட்டும்தான் கட்டுவாள். சந்து முனையில் திரும்பும்போதே வாசலில் ஊதா தெரியும். ஒரு வருஷம்கூடத் தவறியதில்லை.

சீட்டுக்கு அடியில் இருந்த மூட்டையை இழுத்துப் பிரித்தேன். மீதி இருந்ததில் பாதி அந்தச் சேலைதான். முந்தானை, உடம்பு, பார்டர், எல்லாம் ஒரே அளவில், கத்தரியால் நேராக வெட்டி அடுக்கியிருந்தாள். கிழிக்கவில்லை. உட்கார்ந்து வெட்டியிருக்கிறாள். சீசன் முழுக்க நான் அதில்தான் கை துடைத்திருக்கிறேன். நேற்று இன்ஜினைத் துடைத்ததும் அதுதான், தலைமாட்டில் கறுப்பாகச் சுருண்டு கிடக்கிறது.

அழுதேன். இந்தக் காட்டில் யார் பார்க்கப் போகிறார்கள்.

ஜூன் 6

வண்டியை ஸ்டார்ட் செய்யவில்லை. போன் செய்யவில்லை. ஊதாத் துண்டுகளை மட்டும் சோப்புப் போட்டு அலசி வேலமரத்து நிழலில் காயப்போட்டேன். நாம்தேவ் வந்து பார்த்துவிட்டுப் போனான். மேற்கே கறுத்திருக்கிறது.

ஜூன் 7, ஞாயிறு

காலையில் பிரீதரைத் திறந்த வாயாக விட்டு இன்ஜினை ஓட்டினேன். தூள் தூவிப் பார்த்தேன். வெள்ளை வெள்ளையாகவே நின்றது. டிப்ஸ்டிக் அசையவில்லை. நாம்தேவ் ஓடி வந்து வானத்தைக் காட்டினான். பாதி வானம் இல்லை, அவ்வளவு கறுப்பு. அவன் தம்பி டிராக்டரோடு வந்து முன்னால் நின்றான், வேண்டியிருந்தால் இழுக்க. நான் வண்டியை எடுத்தேன்.

உழுத காட்டில் சக்கரம் புதைந்து புதைந்து ஏறியது. ரோட்டுக்குக் கடைசி மேடு ஏறும்போது கண்ணாடியில் முதல் சொட்டு விழுந்தது, காசு அகலத்துக்கு. முன்சக்கரம் தாரைத் தொட்டதும் பின்னால் நாம்தேவ் குதித்துக் கத்துவது கேட்டது. என் வண்டி போனதற்கா, மழை வந்ததற்கா, தெரியவில்லை. இரண்டுக்கும்தான் இருக்கும். இறங்கிப் போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். மிளகாய் ஒரு பொட்டலம் கட்டி வைத்திருந்தான். போய்ச் சேர்ந்ததும் போன் செய் என்று காதில் கை வைத்துக் காட்டினான்.

ரோட்டோரமாக நிறுத்திவிட்டு, மழைக்குள் உட்கார்ந்துகொண்டு வசந்தாமணியைக் கூப்பிட்டேன்.

"துணி மூட்டைல அந்த ஊதாச் சேல இருந்துது" என்றேன்.

மழைச் சத்தத்தில் கேட்க வேண்டும் என்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"இப்பத்தாம் பாத்தீங்களா?" என்றாள்.

"இப்பத்தான்."

"ஆவணில கட்டிக் குடுத்தனுங்க. தீவாளிக்குப் போன் பண்ணுனீங்க, இன்னைக்குக் கேப்பாருன்னு இருந்தேன். பொங்கலுக்கு இருந்தேன். மாரியம்மன் நோம்பிக்கும் பாத்தேன். ஏம் புள்ள அதப் போயி வெட்டுனீன்னு ஒரு சண்டையாச்சும் போடுவீங்கன்னு பாத்தேன். அப்பறம் இனி என்னத்துக்குன்னு சாவியத் தறிக்காரங்க ஊட்டுல குடுத்துப்போட்டு வந்துட்டேன்."

"எங்க இருக்கற?"

கேட்ட பிறகுதான் உறைத்தது. இந்தக் கேள்வியை நான் அவளிடம் கேட்டதே இல்லை. எந்த ஊரில் இருக்கிறீர்கள் என்று அவள்தான் எப்போதும் கேட்பாள். அவள் எங்கே இருப்பாள் என்பது எனக்குத் தெரியும் என்றே இருந்துவிட்டேன்.

"திருப்பூர்ல. பனியன் கம்பெனில செக்கிங் வேலைங்க. கூட வேல செய்யற புள்ளைகளோட ஒரு ரூம்பு எடுத்து இருக்கறேன். பேச்சுக்கு ஆள் இருக்குதுங்க."

"நா வரட்டுமா?"

"உங்க வண்டி லீக்கு நின்னுருச்சுங்களா?"

"நின்னுருச்சு."

"அப்பச் சரி. பாத்து ஓட்டீட்டு வாங்க" என்றாள். நான் கேட்டதற்கு அது பதில் இல்லை.

ஜூன் 9

வழி நெடுக நிறுத்தி நிறுத்திக் குனிந்து பார்க்கிறேன். ஒரு சொட்டு இல்லை.

ஜூன் 11

திருச்செங்கோடு. ஷெட்டில் வண்டியை விட்டேன். முதலாளி அடியில் படுத்தே பார்த்துவிட்டு எழுந்து, "அண்ணா, கைல காசு வாங்காத டாக்டருங்க நீங்க" என்று சிரித்தார். துணி மேல் துணி கட்டியது யார் என்பதையும் சொன்னேன். அதற்கும் சிரித்தார்.

"ஆடி பதினெட்டு கழிச்சுப் பூஜையப் போட்டுக் கெளம்பிரலாமுங்களா?"

"இந்தச் சீசனுக்கு வேற ஆளப் பாத்துக்குங் தம்பி."

விளையாட்டு என்று நினைத்துக்கொண்டார். சாவியை அவர் கையில் வைத்தேன். அப்போதுதான் முகத்தைப் பார்த்தார்.

வீட்டுச் சாவியைத் தறிக்காரரிடம் வாங்கித் திறந்தேன். பாத்திரமெல்லாம் கவிழ்த்து வைத்திருக்கிறது. சாமி படத்துப் பூ காய்ந்து சருகாகியிருக்கிறது. தறி அடித்துக்கொண்டே இருந்தது. இத்தனை வருஷமாக இந்தச் சத்தத்தைப் பெரும்பாலும் போனில்தான் கேட்டிருக்கிறேன். நேரில், வேறு சத்தமே இல்லாத வீட்டில் உட்கார்ந்து கேட்டால் தாங்க முடியவில்லை. அவள் இதைத் தனியாகக் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள்.

ஜூன் 12, வெள்ளி. திருப்பூர்

கம்பெனி கேட்டுக்கு எதிரே டீக்கடை. மத்தியானமே வந்துவிட்டேன். சாயங்காலம்தான் விடுவார்களாம். டீ குடித்தேன், பேப்பர் படித்தேன், மறுபடியும் டீ. பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். கேட்டைப் பார்க்கிறேன், யாரும் வரவில்லை. நிழல் நகரவே மாட்டேன் என்கிறது. காத்திருப்பதில் நேரம் இவ்வளவு மெதுவாகப் போகும் என்று எனக்குத் தெரியாது. இது வரையில் நான் யாருக்காகவும் காத்திருந்ததில்லை.

அன்றே, பிறகு

மணி அடித்ததும் பெண்கள் கூட்டமாக வெளியே வந்தார்கள். அவள் யாரோ ஒரு பெண்ணோடு சிரித்துப் பேசிக்கொண்டே வந்தாள். அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகு காலம் ஆயிற்று. என்னைப் பார்த்ததும் நின்றாள். அந்தப் பெண் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, முன்னால் போகிறேன் அக்கா என்று போய்விட்டாள்.

பச்சைச் சேலை. நான் பார்த்திராதது.

மத்தியானச் சோறு கொண்டுவந்த போசிப் பை கையில் தொங்க, கிட்டே வந்தாள். என் சட்டையைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், நகக்கண்ணில் இன்னும் போகாத ஆயிலைப் பார்த்தாள்.

"எத்தன நாளைக்கு?" என்றாள்.

மாவு ஆட்டுவதற்காக அவள் அதை ஒருநாளும் கேட்டதில்லை. இனிப் போகவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். வருஷா வருஷம் நான் சொன்ன வார்த்தை அது, அவள் அதைக் கேட்டுக் கேட்டு அரிசி ஊறப்போட்டவள். சொல்லவில்லை. "போசிப் பையக் குடு, நாங் கொண்டாறேன்" என்று கையை நீட்டினேன்.

நீட்டிய கையை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு எங்களைக் கடந்து போயிற்று.

கொடுத்தாள்.